கற்றாழை மடலுக்குள் இரண்டு சங்கதி இருக்கிறது

வீட்டில் கற்றாழை வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் தண்ணீர் ஊற்றியதைத் தவிர அந்தச் செடியை நான் கண்டுகொண்டதே இல்லை (அதையும் அளவுக்கு மீறி ஊற்றினேன், அந்தக் கதை பின்னால் வருகிறது). அப்புறம் ஒருநாள், கற்றாழை தடவினால் முகம் பளிச்சென்று ஆகிவிடும் என்று எங்கேயோ பார்த்துவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு போய் ஒரு மடலைச் சதக்கென்று வெட்டி, நடுவில் பிளந்து, அந்த ஈரத்தோடு அப்படியே கன்னத்தில் தேய்த்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் குளுகுளுவென்று இருந்தது. பத்தாவது நிமிடம் அரிப்பு ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் இரண்டு கன்னமும் சிவந்து, தாடையோரம் சின்னச் சின்னதாகத் தடித்து, கண்ணாடியில் என்னைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அக்காவுக்கு போன் போட்டேன். அவள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியிருந்தது. "மஞ்சப் பால் வடிய விட்டியா?" என்றாள். எந்தப் பால் என்று கேட்டேன். "அடிப்பாவி, வெட்டினதும் அப்படியே தடவினியா! மொதல்ல நல்லா தண்ணியில கழுவு, அப்புறம் பேசு."

கற்றாழையைப் பற்றி நான் உருப்படியாகத் தெரிந்துகொண்ட முதல் விஷயம் அதுதான். இத்தனை வருடம் கழித்தும், செடி வைத்திருக்கும் யாரிடமாவது பேச்சு வந்தால் முதலில் சொல்வதும் அதையே. ஒரே மடலுக்குள் இரண்டு தனித்தனி சங்கதி இருக்கிறது. ஒன்று நடுவில் கண்ணாடி மாதிரி இருக்கும் சோறு. சோற்றுக்கற்றாழை என்ற பெயரே அதனால் வந்ததுதான். இன்னொன்று மேல்தோலுக்கு நேர் கீழே, பச்சைக்கும் சோற்றுக்கும் இடையில், மெல்லிய குழாய்களில் ஓடும் மஞ்சள் பால். வெட்டியதும் வெட்டுவாயில் முத்து முத்தாகத் துளிர்த்து வழிவது இதுதான். நாம் தேடிப் போவது சோற்றை. கையில் முதலில் ஒட்டுவதோ பால்.

சோறு என்பது கிட்டத்தட்ட தண்ணீர். நூற்றுக்கு 98, 99 பங்கு தண்ணீர்தான், மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு பங்கில்தான் அந்தக் கொழகொழப்பைத் தரும் சர்க்கரைச் சங்கிலிகளும் மற்றதும் இருக்கின்றன. மழை இல்லாத காலத்துக்குச் செடி தனக்காகச் சேர்த்து வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் பால் அதற்கு நேர்மாறு. கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு, நாக்கு நுனியில் பட்டாலே அரை மணி நேரத்துக்குப் போகாது. தண்ணீர்த் தொட்டியை வந்து மேயும் பிராணிகளை விரட்டச் செடி வைத்திருக்கும் காவல் அது. அதில் அலோயின் என்ற பொருள் இருக்கிறது. அந்தப் பாலைக் காய்ச்சி உலர்த்தினால் கிடைப்பதுதான் கரியபோளம், கடுமையான பேதி மருந்து. ஆக, நான் அன்றைக்கு முகத்தில் தேய்த்துக்கொண்டது பாதி தண்ணீர்த் தொட்டி, பாதி பேதி மருந்து.

இப்போது நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்.

மடலை எப்போதும் அடியிலிருந்து, வெளிப்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். செடியில் வயதான மடல் அதுதான், சோறும் அதில்தான் தடிமனாக இருக்கும். நடுக்குருத்துப் பக்கம் போகவே கூடாது, வளர்ச்சி அங்கிருந்துதான். பாதி மடலை மட்டும் வெட்டிக்கொண்டு மீதியைச் செடியிலேயே விடலாமா என்று கேட்பார்கள். விடலாம், வெட்டுவாய் தானாகவே காய்ந்து மூடிக்கொள்ளும், ஆனால் நுனி கருகிப்போன மொட்டை மடல் ஒன்று மாதக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும், பார்க்கச் சகிக்காது. நான் அடியோடுதான் எடுப்பேன். ஒரு செடியில் ஒரு நேரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

வெட்டிய மடலை, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளருக்குள் சாய்த்து நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். கால் மணி நேரம் குறைந்தபட்சம், அரை மணி நேரம் என்றால் நல்லது. திரும்பி வந்து பார்த்தால் டம்ளரின் அடியில் மஞ்சளாக ஒரு சின்னக் குட்டை கட்டியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது, இவ்வளவையுமா கன்னத்தில் பூசிக்கொண்டோம் என்று இருந்தது. அந்தத் துளி துணியில் பட்டால் முதலில் மஞ்சள், காய்ந்தால் செம்பழுப்பு, அப்புறம் அந்தத் துணி தரை துடைக்கத்தான் ஆகும். நல்ல வெள்ளைத் துண்டு ஒன்று அப்படித்தான் பதவி இறங்கியது.

பால் வடிந்த பிறகு மடலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பலகையில் படுக்க வைக்கிறேன். இரண்டு ஓரத்திலும் முள் வரிசையை நீளவாக்கில் சீவி எடுத்துவிட வேண்டும். அப்புறம் மேல்தோல். மடலின் ஒரு பக்கம் தட்டை, இன்னொரு பக்கம் புடைப்பாக இருக்கும். தட்டைப் பக்கத்தை மேலே வைத்து, தோலுக்கு அடியில் கத்தியைப் படுக்கையாக நுழைத்து இழுத்துக்கொண்டே போனால் பச்சைத் தோல் பட்டையாகக் கழன்று வரும். அந்த நேரத்தில் மடலைக் கையில் பிடிக்காமல் துணியால் பிடித்துக்கொள்ளுங்கள். மீன் மாதிரி வழுக்கும், கத்தி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு இருக்கிறது, அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தரையில் ஒரு துண்டுச் சோறு விழுந்திருந்தாலும் உடனே துடைத்துவிடுங்கள், அதன் மேல் காலை வைத்தால் நேரே மல்லாக்கத்தான்.

தோலைச் சீவும்போது பேராசை கூடாது. ஒட்டியிருக்கும் கடைசிச் சோறு வரைக்கும் சுரண்டி எடுக்கப் பார்த்தால் மஞ்சள் பாலும் கூடவே வந்துவிடும். தோலோடு கொஞ்சம் சோறு போனால் போகட்டும். எடுத்த கட்டியை ஓடும் தண்ணீரில் இரண்டு தடவை அலசினால் மேலே இருக்கும் வழவழப்பு குறைந்து, உள்ளே தெளிந்த பனிக்கட்டி மாதிரி ஒன்று கையில் நிற்கும். லேசாகப் பச்சை வெங்காய வாசனை அடிக்கும், அது இயல்புதான். கவனித்தீர்களா, நிறமே இல்லை. கடைகளில் பாட்டிலில் பளபளவென்று பச்சையாக இருக்கிறதே, அந்தப் பச்சை நிறமூட்டி போட்டது. செடிக்குள் அந்தப் பச்சை கிடையாது.

இவ்வளவும் செய்த பிறகும், முதன்முதலாகப் போடுகிறீர்கள் என்றால் முழங்கையின் உட்பக்கம் ஒரு பொட்டு தடவி ஒருநாள் விட்டுப் பாருங்கள். சிலருக்குப் பால் போக அலசின சோறே ஒத்துக்கொள்ளாது. வெங்காயம், பூண்டு, லில்லி வகைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சரி, எதற்கெல்லாம் உபயோகம்?

என் வீட்டில் முதல் இடம் சின்னச் சூட்டுக்காயத்துக்கு. அடுப்பங்கரையில் புழங்கும் யாருக்கும் மாதம் ஒரு தடவையாவது விரலில் சுரீர் என்று ஏதாவது பட்டுவிடும். ஆனால் இதிலும் வரிசை முக்கியம். விரல் சுட்டவுடன் கற்றாழையைத் தேடி ஓடக் கூடாது, குழாயைத் தேடி ஓட வேண்டும். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம், வெறும் குழாய்த் தண்ணீர் போதும். இருபது நிமிடம் என்பது நின்று பார்த்தால்தான் எவ்வளவு நீளம் என்று தெரியும். நான் பாதியில் கையை எடுத்து, மறுபடி எரிய ஆரம்பித்து, மறுபடி காட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு, கொப்புளம் வெடிக்காமல் தோல் வெறுமனே சிவந்து மட்டும் இருந்தால், சுத்தமாக எடுத்த சோற்றை மெல்லிசாகத் தடவலாம். எரிச்சல் அடங்கும். உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகத்தில் காயம், தோல் வெளுத்தோ கருகியோ போன காயம் என்றால் கற்றாழைக்கு அங்கே வேலையே இல்லை, மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆழமான வெட்டுக்காயத்திலும் திறந்த புண்ணிலும் இதைப் போடாதீர்கள். இயற்கை மருந்துதானே, போட்டால் என்ன என்று தோன்றும். 1991இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தையல் பிரிந்து ஆறாமல் கிடந்த புண்களுக்குக் கற்றாழை ஜெல் போட்டுப் பார்த்தார்கள். வழக்கமான முறையில் ஆற்றியவர்களுக்குச் சராசரியாக 53 நாள் ஆனது, கற்றாழை போட்டவர்களுக்கு 83 நாள். ஒரு சின்ன ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு கட்ட முடியாதுதான். ஆனாலும் ஒரு மாதம் தள்ளிப்போனது என்பதைப் படித்த பிறகு, கட்டைவிரலை வெட்டிக்கொண்ட அன்று, பக்கத்திலேயே மூன்று தொட்டி கற்றாழை இருந்தும் நான் பிளாஸ்திரியைத்தான் எடுத்தேன்.

வெயிலில் நெடுநேரம் நின்று கழுத்தும் முதுகும் காந்தும்போது ஃப்ரிட்ஜில் வைத்த சோறு மாதிரி சுகம் வேறு இல்லை. அது தோலைக் குணப்படுத்துகிறதா, வெறுமனே குளிர்விக்கிறதா என்று கேட்டால், எனக்குக் குளிர்ச்சியே போதும். ஆனால் வெயிலில் போவதற்கு முன்னால் தடவிக்கொண்டு போனால் வெயில் தாக்காது என்று சிலர் நம்புகிறார்கள். சன்ஸ்கிரீன் வேலையை இது செய்யாது.

தலைக்கு? இதில் நான் நிறைய அனுபவப்பட்டிருக்கிறேன். கட்டிச் சோற்றை அப்படியே தலையில் தேய்த்தால் நார் மாதிரி துணுக்குகள் முடியில் ஒட்டிக் காய்ந்து, மறுநாள் முழுக்கப் பொடுகு உதிர்வதுபோல் தோளில் உதிரும். மிக்சியில் ஒரு சுற்று விட்டு, நுரை அடங்கும்வரை கொஞ்சம் வைத்திருந்து, மெல்லிய துணியில் வடிகட்டினால் தண்ணீராக வரும். அதை உச்சந்தலையில் விரலால் தொட்டுத் தொட்டு வைத்து, அரை மணி நேரம் கழித்து அலசினால், வறண்டு அரிக்கும் தலைக்கு இதமாக இருக்கும். முடி வளருமா என்ற கேள்விக்கு என் பதில், இத்தனை வருடமாக எனக்கு வளரவில்லை. சீப்பு வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

முகத்துக்கு இப்போதும் போடுகிறேன், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டேன். சோறு காயும்போது தோல் இறுகுவது போல ஓர் உணர்வு வரும், எல்லோரும் அதைத்தான் "வேலை செய்கிறது" என்று நினைக்கிறோம். தண்ணீர் ஆவியாகப் போய் மேலே மெல்லிய ஏடு படிவதுதான் அது. அந்த ஈரம் தோலில் தங்க வேண்டுமென்றால் முழுவதும் காய்வதற்குள் மேலே கொஞ்சம் எண்ணெயோ க்ரீமோ தடவி மூட வேண்டும். இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால், குளிர்காலத்தில் கற்றாழையை மட்டும் நம்பித் தோலை இன்னும் வறட்டிக்கொண்ட ஆள் நான். பாத்திரம் கழுவிக் கழுவிச் சொரசொரத்துப்போன விரல்களுக்கு இந்த முறை, அதாவது முதலில் சோறு, மேலே எண்ணெய், நிஜமாகவே பலன் தருகிறது. என் கணவர் சவரம் செய்த பிறகு தடவிக்கொள்கிறார். கேட்காமலே எடுத்துக்கொள்கிறார் என்பதால் பிடித்திருக்கிறது என்றே அர்த்தம். கொசுக்கடிக்கும் ஒரு பொட்டு, பரவாயில்லை.

குடிப்பது பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நான் குடிப்பதில்லை. காரணம் திரும்பவும் அந்த மஞ்சள் பால்தான். வீட்டுப் பலகையில் வைத்து எவ்வளவு கவனமாகச் சீவினாலும் பால் முழுவதும் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் எந்த வழியும் இல்லை. அமெரிக்காவில் மருத்துவர் சீட்டில்லாமல் கடையில் விற்கும் பேதி மருந்துகளில் இந்தப் பால் இருந்துகொண்டிருந்தது. பாதுகாப்பானது என்று காட்டப் போதிய ஆய்வுத் தகவல் வராததால் 2002இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை எடுக்கச் சொல்லிவிட்டது. தோலோடு சேர்த்து அரைத்த முழு மடல் சாற்றை இரண்டு வருடம் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பெருங்குடலில் கட்டிகள் வந்தன. அதை வைத்து, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் முழு மடல் சாற்றை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. பால் நீக்கி வடிகட்டிய சாறு வேறு, இது வேறு. ஆனால் மடலை நறுக்கித் தோலோடு மிக்சியில் போட்டுக் காலையில் வெறும் வயிற்றில் குடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, அவர்களுக்கும் அதேதான் நடக்கும். கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், தினமும் மாத்திரை எடுக்கிறவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். மடலைக் கடித்தால் அவற்றுக்கு வாந்தியும் பேதியும் வரும். எங்கள் பூனை ஒரே ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டது, நம்மைவிட விவரமான ஜீவன், என்றாலும் நான் அதை நம்பித் தொட்டியைக் கீழே வைப்பதில்லை.

இன்னும் இரண்டு நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். படுக்கையறையில் கற்றாழை வைத்தால் இரவெல்லாம் ஆக்சிஜன் தரும் என்பது ஒன்று. இது பாதி உண்மையை வைத்துக் கட்டிய முழுக் கதை. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறக்கின்றன. கற்றாழை வறண்ட நிலத்துச் செடி, பகலில் திறந்தால் தண்ணீர் போய்விடும் என்று இரவில் திறந்து கரியமில வாயுவை இழுத்து அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதுவரை சரி. ஆனால் ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும், அது பகலில்தான் நடக்கிறது. இன்னொன்று, அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் என்பது. 1989இல் நாசா வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த பேச்சு இது. அங்கே செடிகளை வைத்தது காற்றுப் புகாமல் மூடிய சின்னக் கூண்டில். அதுபோல வந்த பல ஆய்வுகளை 2019இல் சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டவர்கள், ஒரு சாதாரணக் கட்டடத்தில் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டும் என்றார்கள். படுக்கவே இடம் இருக்காது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

சேமித்து வைப்பது எளிது. எடுத்த சோறு ஃப்ரிட்ஜில் மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு வாரம் இருக்கும். செந்நிறமாகத் திரிந்தாலோ புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான். நான் பெரும்பாலும் மிக்சியில் அடித்து ஐஸ் ட்ரேயில் ஊற்றிவிடுகிறேன். வேண்டும்போது ஒரு கட்டி. ஒரு தடவை மகள் அதைச் சாதாரண ஐஸ் என்று நினைத்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டு, "அம்மா, தண்ணி கொழகொழன்னு இருக்கு!" என்று கத்தினாள். அன்றிலிருந்து அந்த ட்ரேயில் கொட்டை எழுத்தில் பெயர் ஒட்டியிருக்கிறது.

இப்போது அந்தத் தண்ணீர்க் கதை. முதல் செடியை நான் அன்பு காட்டியே கொன்றேன். தினமும் காலையில் ஒரு குவளை. ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மடல்கள் மெலிந்து, துவண்டு, உள்பக்கம் சுருண்டன. வாடுகிறதே என்று இன்னும் ஊற்றினேன். ஒருநாள் லேசாக இழுத்துப் பார்த்தேன், செடி அப்படியே கையோடு வந்துவிட்டது, அடியில் வேர் என்று ஒன்றுமே இல்லை, பழுப்பாக ஒரு கூழ், அதுவும் நாற்றம். வேர் அழுகினால் செடியால் தண்ணீர் இழுக்க முடியாது, அதனால் தாகத்தில் வாடின மாதிரியே தெரியும். மேலே பார்த்து ஏமாறக் கூடாது, மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு விரற்கணு ஆழம் வரை காய்ந்திருந்தால் ஊற்றலாம், அப்போது தயங்காமல் தொட்டிக்கு அடியில் வழியும் வரை ஊற்றிவிட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். ஈரம் தெரிந்தால் விட்டுவிட வேண்டும். இது அரேபியத் தீபகற்பத்து வறண்ட மலைகளிலிருந்து வந்த செடி, மறந்துபோகிறவர்கள் வீட்டில்தான் நன்றாக வளர்கிறது.

தொட்டி மண்தொட்டியாக இருந்தால் நல்லது, ஓட்டை கட்டாயம். மண்ணில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பருமணலோ பொடிக்கல்லோ கலந்துகொள்கிறேன். வெளிச்சம் நிறைய வேண்டும். ஆனால் வீட்டுக்குள்ளேயே இருந்த செடியைத் திடீரென்று உச்சி வெயிலில் கொண்டுபோய் வைத்தால் மடல் செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். பயப்பட வேண்டாம், கொஞ்சம் நிழலுக்கு நகர்த்தினால் சில வாரங்களில் பச்சை திரும்பும். மடல் இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் மாவுப்பூச்சி, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து எடுத்தால் போகும், இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும்.

கன்று வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். யானைக் கற்றாழையைச் சோற்றுக்கற்றாழை என்று நினைத்துக் கொண்டுவந்து வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தூரத்தில் இரண்டும் ஒரே சாடைதான். மடலைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். சோற்றுக்கற்றாழை சதைப்பற்றோடு, ஒடித்தால் சட்டென்று ஒடியும், ஓரத்து முள் மிருதுவாக இருக்கும். யானைக் கற்றாழை நார் நாராக, ஒடிக்கவே வராது, நுனியில் ஊசி மாதிரி ஒரு பெரிய முள் நிற்கும். அதன் சாறு தோலில் பட்டால் தடித்து எரியும், நான் முகத்தில் பூசிக்கொண்டதெல்லாம் அதன் பக்கத்தில் விளையாட்டு. அப்புறம், கன்றில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதே, இது வேறு ஜாதியோ என்று குழம்ப வேண்டாம். சின்னதாக இருக்கும்போது புள்ளி இருக்கும், வளர வளரப் பெரும்பாலும் மறைந்துவிடும்.

இன்னொரு விரயத்தையும் சொல்லிவிடுகிறேன். மடலை வெட்டி மண்ணில் நட்டால் செடி வரும் என்று நானும் நான்கு மடலை நட்டிருக்கிறேன். நான்கும் அழுகின. மடலில் புது முளை கிளம்ப இடமே இல்லை. கற்றாழை பெருகுவது பக்கக் கன்றுகளால். தாய்ச்செடியின் அடியில் விரல் நீளத்துக்கு முளைத்து வரும். நான்கைந்து மடல் விட்டு, தனக்கென்று கொஞ்சம் வேரும் பிடித்த பிறகு, மண்ணைத் தளர்த்திக் கத்தியால் மெதுவாகப் பிரித்து, வெட்டு காய ஒன்றிரண்டு நாள் நிழலில் போட்டுவிட்டு, அப்புறம் நட வேண்டும். நட்டவுடன் தண்ணீர் வேண்டாம், சில நாள் போகட்டும்.

இப்படிப் பிரித்துப் பிரித்து இப்போது என்னிடம் பதினோரு தொட்டி. யார் வந்தாலும் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிறேன். போன வாரம் மாடி வீட்டுப் பெண் வந்தாள், சின்னக் கன்று ஒன்றைப் பழைய டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எப்பக்கா வெட்டி முகத்துக்குப் போடலாம்?" என்றாள்.

"ரெண்டு மூணு வருஷம் ஆகும்மா," என்றேன்.

முகம் விழுந்துவிட்டது. சரி என்று உள்ளே போய் ஐஸ் ட்ரேயிலிருந்து இரண்டு கட்டி எடுத்து வந்து கொடுத்தேன், முதலில் முழங்கையில் ஒரு பொட்டு வைத்துப் பார் என்று சொல்லி.